முகட்டுச் சுற்று நடை: கீழே தெரிகிற கூரையை நம்பி இறங்காதீர்கள்

மூணாறு, சூரியநெல்லி, கொளுக்குமலை, கிழக்கே போடி என்று கேரள எல்லை நெடுக, மழை விட்டதும் மலை நடைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒரே உச்சிக்கு ஏறி வந்த வழியே இறங்கிப் பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது முகட்டுச் சுற்று. காலையில் ஒரு முனையில் ஏறி, மூன்று நான்கு உச்சிகளைத் தொட்டு, குதிரை லாடம் போல வளைந்து, சாயங்காலம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் நடை. ஷூ, தொப்பி, அட்டைக்கு உப்பு பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சுற்று நடைக்கே உரிய தவறுகள் வேறு. புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவும் அவற்றையே திரும்பச் செய்கிறது.

ஏற்றத்தைக் குறைத்துக் கணக்கிடுவது

அடிவாரம் 1,700 மீட்டர், கடைசி உச்சி 2,450 மீட்டர், ஆக 750 மீட்டர் ஏற்றம் என்று போட்டுக்கொள்கிறார்கள். முகட்டில் அப்படி இல்லை. முதல் உச்சி 2,200 என்றால் 500 ஏறுகிறீர்கள். அங்கிருந்து 2,000க்கு இறங்கி 2,350க்கு ஏறினால் இன்னொரு 350. மறுபடி 2,100க்கு இறங்கி 2,450க்கு ஏறினால் மேலும் 350. மொத்தம் 1,200 மீட்டர்.

தட்டையான 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி என்பது பழைய கணக்கு. 16 கிலோமீட்டர் சுற்றுக்கு 3 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி. இது நிற்காமல் நடக்கிற, மலை பழகிய ஆளுக்கு. சாப்பாடு, ஓய்வு, போதைப்புல் என்கிற இடுப்பளவு மலைப்புல், குழுவில் மெதுவாக நடப்பவர் எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்குக்கு மேலேயே வையுங்கள், எட்டு மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் இங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அதன்பிறகு தடம் கண்ணுக்குத் தெரிவது இருபது நிமிடம்தான். காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்காத குழு அன்று முழுச் சுற்றை எடுக்கக் கூடாது.

அனுமதி இல்லாமல் ஏறுவது

கூடாது. 2,640 மீட்டர் மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குவதென்றால் அந்த வனத்துறையின் அனுமதி தனி.

மூன்றாவது உச்சியிலிருந்து நேரே இறங்குவது

எத்தனை முறை எச்சரித்தாலும் நிற்காத தவறு இது. நினைத்தாலே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்ளும் யாருக்கும் வழி தெரியாமல் இல்லை. முகட்டோடு நடந்தால் வந்து சேர்வோம் என்று தெரியும். இருந்தும் இறங்குகிறார்கள்.

காரணம், லாட வடிவச் சுற்றில் புறப்பட்ட இடம் நாள் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதுதான். பிற்பகல் இரண்டு மணி, கால் ஓய்ந்திருக்கிறது, இன்னும் ஒரு உச்சி பாக்கி. கீழே பள்ளத்தில் தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் தகரக் கூரை, ஜீப் நிற்கும் இடம்கூடத் தெரிகிறது. நேர்க்கோட்டில் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். "இப்படியே இறங்கினா முக்கால் மணி நேரம்ணே" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் பின்னால் போவார்கள்.

புல்மேடு உச்சியிலிருந்து வெளிப்புறம் புடைத்து வளைந்து இறங்கும். மேலே நிற்பவருக்கு முதல் நூறு மீட்டர் சரிவும், வெகு கீழே தோட்டமும் தெரியும். நடுவில் இருக்கிற செங்குத்துப் பகுதி அந்தப் புடைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைத் தாண்டினால் சோலைக்காடு. இந்த மலைகளில் முகட்டில் புல்லும், நீர் தேங்கும் மடிப்புகளில் சோலையும் வளரும். ஆகவே பள்ளத்துக்குள் நேரே இறங்குகிறவர் சோலைக்குள் போய்த்தான் ஆகவேண்டும். பாசி பிடித்த வேர், ஈற்றை மூங்கில் புதர், பத்தடிக்கு மேல் பார்வை போகாத இருட்டு. அதற்குள் ஓர் ஓடை. தண்ணீர் ஊருக்குத்தானே போகும் என்று ஓடையைப் பிடித்து நடப்பார்கள். ஓடை பாறைப் படியில் அருவியாக விழும் இடத்தில் வழி முடியும். இறங்க முடியாது. ஏறவும் முடியாது, ஏனென்றால் ஈரப்பாறையில் சறுக்கி இறங்கிய இரண்டாள் உயரத்தைக் கையால் பிடித்து ஏறுவது வேறு வேலை. காட்டுமாடும் யானையும் தண்ணீருக்கு வருகிற இடமும் அதுவே.

கிழக்குச் சரிவில் செய்தால் இன்னும் மோசம். எல்லை முகட்டின் மேற்கே கேரள மேட்டுநிலம், சரிவு பெரும்பாலும் தணிவு. கிழக்கே தேனிப் பக்கம் மலை சுவர் போல விழுகிறது. மூடுபனியில் இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் தோன்றும்.

தடம் இருக்கிறதே என்று இறங்குவதும் உண்டு. அது வரையாட்டுத் தடமாக இருக்கலாம். வரையாடு ஆபத்து வந்தால் ஓடுவது பாறை விளிம்புக்கு, அதன் தடமும் அங்கேதான் போகும். ஆள் நடந்த தடத்தில் கிளைகளில் கத்தி வெட்டு இருக்கும், செங்குத்தில் வளைந்து வளைந்து இறங்கும். இந்த இரண்டு அடையாளமும் இல்லையென்றால் அது உங்களுக்கான வழி இல்லை.

புறப்படும் முன்பே தோட்டத்து ஆட்களிடமோ வழிகாட்டியிடமோ கேட்டு, இரண்டு உச்சிகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு தாழ்விலிருந்தும் இறங்கும் தடம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாழ்வுகளில் மட்டும்தான் சுற்றைப் பாதியில் விடலாம். உச்சியிலிருந்து ஒருபோதும் விடக் கூடாது. ஒவ்வொரு தாழ்வுக்கும் ஒரு மணியும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தாழ்வுக்குப் பன்னிரண்டரைக்குள் வரவில்லையென்றால் அங்கேயே இறங்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே தவறி இறங்கியிருந்தால், தடம் மறைந்த ஐந்து நிமிடத்துக்குள் நின்று, கடைசியாக நிச்சயம் தெரிந்த இடத்துக்கு ஏறுங்கள். ஐம்பது மீட்டர் ஏறுவது பத்து நிமிடம். முந்நூறு மீட்டர் இறங்கிவிட்டுப் புதருக்குள் ஏறுவது ஒரு மணிக்கும் மேல். அந்த மனம் வராமல் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று இறங்குவதில்தான் இரவு காட்டில் போகிறது.

நிழலை வைத்துத் திசை பார்ப்பது

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இந்த அட்சரேகையில் உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே. நிழல் காலடியில் கிடக்கும், திசை சொல்லாது. காம்பஸ் வையுங்கள். ஒவ்வொரு உச்சியையும் விட்டு நூறு அடி நடந்ததும் பாருங்கள். முகடு கிளை பிரியும் இடத்தில் தவறு நடந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஆஃப்லைன் வரைபடமும் இருக்கட்டும், பவர் பேங்கோடு.

முகட்டில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்புவது

ஜனவரிக்குப் பிறகு கிடைக்காது. ஆளுக்கு 3 லிட்டர். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாக அல்ல.

இடி கேட்டும் உச்சியை முடித்துவிடலாம் என்பது

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி வழக்கம். முதல் இடியிலேயே முகட்டு விளிம்பை விட்டுத் தணிவான பக்கம் ஐம்பது மீட்டர் தாழ்ந்து, அந்த அளவோடு நில்லுங்கள். ஒருவருக்கொருவர் பதினைந்து மீட்டராவது இடைவெளி விட்டுக் குந்துங்கள். தனி மரமும் பாறை இடுக்கும் வேண்டாம்.

ஜீன்ஸ்

பனியில் நனைந்தால் மதியம் வரை காயாது.

காய்ந்த புல்லில் நடப்பது

2018 மார்ச் 11 அன்று கொளுக்குமலை, குரங்கணிச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ மேல்நோக்கி வேகமாக ஓடும், ஏறித் தப்ப முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போக வேண்டும். பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை இந்தச் சுற்றையே எடுக்காதீர்கள்.

யாரிடமும் சொல்லாமல் போவது

தங்கும் இடத்தில் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். 112 அழைத்தால் முதலில் இடுக்கியா தேனியா என்று சொல்லுங்கள், முகட்டில் போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. இறங்கியதும் எழுதிக் கொடுத்தவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டில் தோட்டத்து ஆட்கள் டார்ச்சோடு உங்களைத் தேடி ஏறுவார்கள்.