மழையில் யார்க்: இருவருக்கு ஒரு சிக்கன வழி

லண்டனிலிருந்து யார்க் நகரத்துக்குப் போய்வர நினைக்கும் தம்பதிகள், டிக்கெட் எடுக்கும் முன் ‘டூ டுகெதர் ரயில்கார்டு’ வாங்கிவிடுங்கள். இருவர் பெயரும் போட்டோவும் உள்ள ஒரே கார்டு, ஓராண்டு செல்லும். இருவரும் சேர்ந்து போனால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முன்கூட்டியே எடுக்கும் மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டிலும் இந்தத் தள்ளுபடி உண்டு என்பதுதான் விசேஷம். யார்க் போய்வரும் ஒரே பயணத்தில் கார்டின் விலை பெரும்பாலும் தேறிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு முன் மட்டும் செல்லாது. கணவன் மனைவிதான் என்றில்லை, பதினாறு வயது நிரம்பிய எந்த இருவரும் எடுக்கலாம்.

மழை பிடித்துக்கொண்டால் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தேசிய ரயில் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகம் தொட்டு, நீராவி இன்ஜின்களில் உலக சாதனை படைத்த நீலநிற ‘மல்லார்ட்’ அங்கேதான் இருக்கிறது. ரயில் பிடிக்காதவர்களுக்குக்கூட அரைநாள் ஓடிவிடும்.

மழை விட்டதும் நகரின் பழைய கோட்டைச் சுவர்மேல் நடக்கலாம், அதற்கும் காசில்லை. ஆனால் ஈரக்கல் வழுக்கும். பல இடங்களில் உட்பக்கம் கைப்பிடி கிடையாது. அந்தக் காற்றுக்குக் குடை தாங்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. மதியச் சாப்பாட்டுக்கு சூப்பர்மார்க்கெட் ‘மீல் டீல்’ போதும்: சாண்ட்விச், நொறுக்குத்தீனி, குளிர்பானம் மூன்றும் ஒரே விலையில். சைவர்கள் லேபிளைப் பார்த்து எடுங்கள்.