ரிசப்ஷன் நேரத்தைச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

திருகோணமலையில் ரிசப்ஷன் வைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பந்தி எத்தனை மணிக்கு என்பதைத்தான். 8 மணிக்கென்றால் அதிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: வாழ்த்துரை 7.40, கேக் 7.25, மணமக்கள் மேடைக்கு வருவது 6.45. மூதூர், சம்பூர்ப் பக்கம் திரும்ப வேண்டிய சொந்தங்களும், நீரிழிவுக்கு மருந்து போடும் பெரியவர்களும் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்.

மேடையில் படம் எடுக்கும் வரிசைதான் நேரத்தை விழுங்கும். பந்தி தொடங்குவதற்கு முன் இரு வீட்டு நெருங்கிய உறவுகளை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு, சாப்பிட்டு வந்த பிறகு மணமக்களே மேசை மேசையாகப் போய் நின்றால் சரி. மேடையேறக் கூச்சப்படும் அத்தைமாரும் அப்போது படத்தில் வந்துவிடுவார்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் படம் வேண்டுமா? நமக்குக் கிழக்குக் கடல். சூரியன் கடலில் இறங்காது, முதுகுப் பக்கம்தான் மறையும். ஆகவே மாலை 5 மணிக்கே முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடியற்காலை போங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் மழைக்காலம். திறந்தவெளி மேடையே வேண்டாம் என்பேன்.

அப்புறம், வாழ்த்துரைக்கு வீட்டுக்கு ஒருவர் போதும். ஒலிவாங்கியை யாருக்கும் மறுக்கத் தயங்காத ஒரு மாமாவைப் பிடித்து நிகழ்ச்சித் தாளைக் கொடுங்கள். அதன் பிரதி பாட்டுப் போடுபவர், படம் பிடிப்பவர், சமையல் பொறுப்பாளர் மூவரிடமும் இருக்கட்டும்.