சங்க அலுவலகத்தில் எத்தனை முதலாளி? நிர்வாகிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்ப்பவருக்குத் தன் முதலாளி யார் என்று தெரியும். வணிகர் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், தொழில் முனைவோர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் போன்ற இடங்களில் வேலை பார்க்கும் மேனேஜருக்கும் கிளார்க்குக்கும் அது கடைசி வரை தெளிவாகாது. முந்நூறு பேர் சந்தா கட்டினால் முந்நூறு பேரும் முதலாளி மாதிரிதான் உள்ளே வருவார்கள். “என் சந்தாவுலதான்யா உனக்குச் சம்பளம்” என்ற வசனத்தைக் கேட்காத சங்க ஊழியர் அநேகமாக இருக்க மாட்டார். சங்க அலுவலகங்களில் நல்ல ஆள் நிலைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சம்பளம் இரண்டாவது காரணம்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். தலைவர் போன் செய்து ஜிஎஸ்டி கூட்டத்துக்கு மண்டபம் பிடிக்கச் சொல்கிறார். செயலாளருக்குச் சந்தா பாக்கிப் பட்டியல் உடனே வேண்டும். பொருளாளர், ஆடிட்டர் கேட்ட வவுச்சர்களை எடுத்து வைக்கச் சொல்கிறார். நடுவில் முன்னாள் தலைவர் ஒருவர் வந்து, மகள் கல்யாணப் பத்திரிகை அனுப்ப எல்லா உறுப்பினர் முகவரியையும் அச்செடுத்துத் தரச் சொல்கிறார். மாலையில் நான்கு பேரும் “இன்னும் முடியலையா?” என்று கேட்பார்கள். யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவர் வேலை முதலில் நடக்கும். ஊழியரும் அதைக் கற்றுக்கொண்டு, கத்துபவரைப் பார்த்து வேலை செய்யப் பழகிவிடுவார். அப்புறம் அவரைத் திட்டிப் பயனில்லை.

இதற்கு வழி, ஊழியருக்கு வேலை சொல்வது ஒருவர் மட்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றுவது. பெரும்பாலும் அது செயலாளர். முதலில் அடங்க வேண்டியவர் தலைவர்தான். அவரே நேராக கிளார்க்கைக் கூப்பிட ஆரம்பித்தால் வேறு யாரும் விதியை மதிக்கப் போவதில்லை. “செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்” என்று ஊழியர் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொன்னதற்காக உறுப்பினர் சண்டைக்கு வந்தால் செயலாளர் ஊழியர் பக்கம் நிற்க வேண்டும். கொஞ்சம் பெரிய சங்கங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. 1933-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய மில்கள் சங்கத்தில், அதாவது சைமாவில், தேர்ந்தெடுக்கப்படும் தலைவர் மாறுவார். அலுவலகத்தை நடத்தச் சம்பளம் வாங்கும் பொதுச் செயலாளர் தனியாக இருப்பார். சின்னச் சங்கத்துக்கு அவ்வளவு பெரிய பதவி தேவையில்லை, ஆனால் யார் வேலை சொல்வது என்ற அந்த எல்லைக்கோடு தேவை.

அடுத்த தவறு தேர்தல் முடிந்த மறுநாள் தொடங்கும். புது அணி வந்ததும் ஊழியரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்: “இவன் பழைய டீம் ஆளு.” பழைய கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று அவரிடமே துருவுவார்கள். பழைய அணியும் சும்மா இருக்காது, உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கே போன் செய்யும். தேர்தலே வழக்காகிவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு தரப்பும் நாங்கள்தான் நிர்வாகக் குழு என்று சொல்லும்போது சாவியையும் ரசீது புத்தகத்தையும் யாரிடம் கொடுப்பது என்று ஒரு கிளார்க் எப்படி முடிவெடுப்பார்? எனவே சங்கத்தின் மின்னஞ்சல், வங்கிச் செயலி, வாட்ஸ்அப் குழு எதுவும் தனி ஒருவரின் சொந்த எண்ணில் இருக்கக் கூடாது. பொறுப்பு மாறும் அன்று சாவி, கடவுச்சொல், வங்கிக் கையெழுத்து, பைல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வந்த வேகத்தில் பழைய ஊழியரை அனுப்பும் புது நிர்வாகிகள், எந்த உறுப்பினர் எந்த மாதம் பணம் கட்டுவார் என்பதிலிருந்து எந்த பைல் எந்த பீரோவில் இருக்கிறது என்பது வரை எல்லாவற்றையும் அவரோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள்.

சம்பள விஷயம். “இது சேவை அமைப்பு, பார்த்துப் போட்டுக்கலாம்” என்பார்கள். சேவை செய்வது நிர்வாகிகள். அவர்களுக்குச் சொந்தத் தொழில் இருக்கிறது. கிளார்க்குக்கு இதுதான் பிழைப்பு. பொதுக்குழுவில் அவரே டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டலாமா என்று முந்நூறு பேர் விவாதிப்பதைவிட அவமானம் வேறில்லை. சம்பள உயர்வை வரவு செலவுத் திட்டத்தில் ஒரே தொகையாகச் சேர்த்து, யாருக்கு எவ்வளவு என்பதைச் செயற்குழுவே முடிவு செய்யட்டும். பணி நியமனக் கடிதம், வார விடுப்பு, வேலை நேரம் மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

பாலியல் தொல்லைப் புகார் பற்றிப் பேச்செடுத்தாலே பல சங்கங்கள் “நம்ம இடத்தில் அதெல்லாம் எதுக்கு” என்று முகம் சுளிக்கும். பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை நேராமல் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணியிடம் என்பதில் சங்கமும் அறக்கட்டளையும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் உள் புகார்க் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் ஊழியர் புகார் தரலாம். புகார் தர மூன்று மாதம் அவகாசம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சங்கங்களுக்கு முக்கியமான இடம் இன்னொன்று: பணியிடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் ஊழியரைப் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது தொல்லை கொடுத்தவர் ஊழியர் இல்லை, பெரிய நன்கொடையாளர் என்றாலும் நிர்வாகம் கை கழுவ முடியாது. இரவு ஒன்பது மணி வரை செயற்குழு நடத்திவிட்டு, குறிப்பெடுக்க ஒரே ஒரு பெண் ஊழியரை உட்கார வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

தலைமை விஷயத்தில், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 நிர்வாகக் குழுவின் பதவிக் காலத்தை மூன்று ஆண்டுக்கு மேல் போக விடுவதில்லை. ஆனால் மறுபடியும் நிற்கத் தடை இல்லை. அதனால் இருபது வருடம் ஒரே செயலாளர் என்பது சாதாரணம். அவரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. பல இடங்களில் வேறு யாரும் முன்வருவதில்லை. இணைச் செயலாளரிடம் ஒரு வேலையை, உதாரணமாகச் சந்தா வசூலை, முழுதாக விட்டுப் பார்த்தால் அடுத்த ஆள் தயாராவார். நிழலாகவே பக்கத்தில் வைத்திருந்தால் ஆக மாட்டார்.

மினிட் புத்தகங்களைப் புரட்டினால் எல்லாத் தீர்மானமும் “ஒருமனதாக” நிறைவேறியிருக்கும். எதிர்த்துப் பேசியவர் பெயரே இருக்காது. அவர் வெளியே வந்ததும் வாட்ஸ்அப்பில் ஆரம்பிப்பார். எதிர்ப்பையும் அதன் காரணத்தையும் இரண்டு வரி எழுதிவிட்டால் பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள். மாதக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்தை மேனேஜருக்குக் கொடுங்கள்: என்ன முடிந்தது, என்ன நிற்கிறது, யாரால் நிற்கிறது என்று அவர் சொல்லட்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் தலைவராகவே இருந்தாலும் அதுவும் மினிட் புத்தகத்தில் ஏறட்டும்.