முழங்கால் பனிதானே என்று கிளம்புகிறவர்களுக்கு

போன ஞாயிறு சாயந்திரம், புதுச்சேரி பீச் ரோட்டில் காந்தி சிலைப் பக்கம் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். டிசம்பர் கடைசியில் மணாலிக்கு மேலே மலையேறப் போகிறார்களாம். அதற்காகச் செஞ்சிக் கோட்டையை மூன்று முறை ஏறி இறங்கியிருக்கிறார்கள். "சீசன் ஆரம்பம்தானே அண்ணா, பனி கொஞ்சமாத்தான் இருக்கும். பனிச்சரிவு பயமெல்லாம் இல்ல" என்றார் ஒருவர். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். சுருக்கென்றது.

ஷூ, ஜாக்கெட் விஷயமெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதை விடுங்கள். உயிரை வாங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பனி குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்பது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கும். ராத்திரிக் குளிரில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 12 ஆகிறது என்று வையுங்கள். பனி 2 மீட்டர் ஆழம் இருந்தால் அந்த வித்தியாசம் பரவிப்போகும். வெறும் 40 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 3 டிகிரி. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே வினைதான். அடியிலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அள்ளிப் பாருங்கள், மரக்காணம் கல் உப்பு மாதிரி விரலிடுக்கில் கொட்டும். உருண்டை பிடிக்க வராது.

அதன்மேல் புதுப் பனி விழும், காற்று அடித்து இறுக்கும். உப்பைக் கொட்டி அதன்மேல் கடப்பாக் கல்லைச் சாய்த்து வைத்தது போலத்தான். ஓர் ஆள் எடை போதும்.

பத்து வருடத்துக்கு முன்னால் நான் மாட்டிக்கொண்ட அன்றைக்குச் சரிவில்கூட இல்லை, அடிவாரத்துச் சமதளத்தில் நடந்துகொண்டிருந்தேன். காலுக்கடியில் 'உம்ம்' என்று தரையே உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். அடியிலிருந்த உப்பு நொறுங்கிய சத்தம் அது. நொறுங்கல் சரிவு வரைக்கும் ஓடி, மேலே கோடு கிழித்தது போல விரிசல் விட்டது. அங்கிருந்து பனி சரிந்து வந்து இடுப்பு வரை மூடியதோடு தப்பித்தேன். கூட வந்த உள்ளூர்க்காரர்தான் தோண்டி எடுத்தார். பனி குறைவு என்பதால் அடியில் பாறை இருந்தது, அதை என் இடது முழங்கால் கண்டுபிடித்தது. ஆபரேஷன், எட்டு மாதம், இருந்த சேமிப்பு எல்லாம் போச்சு.

சீசன் கணக்கு பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. உத்தராகண்டில் இருக்கும் திரௌபதி கா டண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழுவைப் பனிச்சரிவு அடித்தது 2022 அக்டோபர் 4 அன்று. 27 பேர் இறந்தார்கள், இரண்டு பேர் காணாமல் போனார்கள். குளிர்காலம் தொடங்கவே இல்லை.

"நேத்து ஒரு குழு போச்சே"

கால்தடம் சான்றிதழ் இல்லை.

சாய்வை அளக்காமல் போவது

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் கிளம்பும். செல்போனிலேயே அளக்கலாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்ததோ, அதற்கு எதிர்ப்பக்கச் சரிவில்தான் பனியைக் கொண்டுபோய்க் குவித்திருக்கும். அதையும் பாருங்கள்.

பீக்கனைப் பையில் வைப்பது

பீக்கன் என்பது பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி. உடம்போடு கட்டாவிட்டால் பையைத்தான் கண்டுபிடிப்பார்கள்.

மண்வெட்டி ஒன்று போதும் என்பது

ஆளுக்கு ஒன்று வேண்டும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதற்கு மேல் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும்.

நேற்று அந்த நால்வரில் ஒருவர் போன் செய்தார். பாதை முழுக்க 25 டிகிரிக்குள் மாற்றிவிட்டார்களாம். சரி, பாதைக்கு மேலே என்ன சரிவு இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பாத்துட்டுச் சொல்றேன் அண்ணா" என்றார்.