முன்னுரையிலேயே பெல் அடித்துவிடும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்.எஸ்.எஸ். முகாமுக்கு வந்திருந்த இரண்டாமாண்டுத் தம்பி ஒருவர் ‘தாயம் எப்போது விழும்?’ என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அருமையான தலைப்பு. பையில் ஆறு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. பாட்டி வீடு, அத்தை வீடு என்று அலைந்து சேர்த்தவையாம். ஆனால் பாரதத்துச் சூதாட்டத்தில் ஆரம்பித்து, நிகழ்தகவுக்கு இலக்கணம் எழுதிப்போட்டு, அதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, கட்டையைப் பையிலிருந்து வெளியே எடுத்தபோது மணி மூன்று நாற்பது. மூன்றே முக்காலுக்கு பெல். ஆறில் இரண்டு ஜோடிதான் உருண்டது. தாயம் விழவே இல்லை.

இரண்டு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் இரண்டு மட்டும் தாயம் (ஒன்றில் ஒன்று, மற்றதில் வெறுமை), பன்னிரண்டோ (இரண்டிலும் வெறுமை) ஒரே ஒரு விதம். எட்டு பேர் நாற்பது முறை உருட்டி எண்ணியிருந்தால் இது தானாக போர்டுக்கு வந்திருக்கும். யாரும் எண்ணவில்லை.

எனக்குக் கோபம்தான். அந்தத் தம்பிமேல் இல்லை. இதே தவறை இதைவிட மோசமாக நானே செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செட்டும் செய்வதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

பாடத்திட்டத்தில் இல்லாத, பரீட்சைக்கு வராத, ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகிற கிறுக்குத்தனமான வகுப்புகள் இவை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) மாணவர்களே 1957இல் தொடங்கிய அமைப்பு ஒன்று, நவம்பரில் ஒரு வார இறுதியில் ‘ஸ்பிளாஷ்’ என்று இதைத் திருவிழா மாதிரி நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகள் தங்களுக்குப் பித்துப் பிடித்த எதையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். நமக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. ஏழு நாள் முகாமில் ஒரு மதியம், இல்லாவிட்டால் ஹெச்.எம். மனமிரங்கிக் கொடுக்கும் இரண்டு பீரியட். கிடைப்பதே அவ்வளவுதான் என்பதால் வீணாகும்போது வயிறு எரிகிறது.

சத்தமாகப் பேசு, போர்டை மறைக்காதே, செல்லை அணைத்துவை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையில் கொடுக்க வேண்டியதைக் கடைசிக்கு வைப்பது

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது எடுத்த முதல் வகுப்பு ‘பூட்டுக்குள் என்ன இருக்கிறது?’. எங்கள் ஊர் திண்டுக்கல். பூட்டு இல்லாமல் வேறு எதை எடுப்பேன்? மெயின் ரோட்டுக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி எட்டு பழைய பூட்டு வாங்கினேன். ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்து, மேல் தகட்டின் ரிவிட்டை எடுத்து, திறந்து மூடும்படி செய்து வைத்தேன். அதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. மெஸ் பில்லுக்கு வைத்திருந்த காசும் போனது.

வகுப்பு இரண்டு மணிக்கு. முதலில் எகிப்தின் மரப்பூட்டு. அப்புறம் இங்கிலாந்து: 1818இல் ஜெரமையா சப் என்பவர் ஒரு பூட்டு செய்தார், தப்பான சாவியை விட்டு நோண்டினால் இறுகிக்கொள்ளும், யாரோ கை வைத்தார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் 1851 லண்டன் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை இருபத்தைந்து நிமிடத்தில் திறந்து காட்டிய கதை. எனக்கு உயிரான கதை அது, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அப்புறம் திண்டுக்கல் பூட்டு, மாங்காய்ப் பூட்டு, 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். அந்த அமைதியை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். இன்று அந்த அமைதியைப் பார்த்தால் எனக்கு பயம் வரும். பத்து வருடப் பள்ளிக்கூடம் பழக்கிவிட்ட அமைதி அது.

பூட்டை எடுத்தபோது பெல்லுக்கு ஒன்பது நிமிடம் பாக்கி. எட்டையும் கொடுத்தால் ரகளையாகிவிடும் என்று ஒன்றை மட்டும் எடுத்துத் தூக்கிக் காட்டினேன். “சாவியோட பல்லு உள்ள இருக்குற ஒவ்வொரு லீவர் தகட்டையும் ஒவ்வொரு உயரத்துக்குத் தூக்கும். எல்லா லீவர்லயும் இருக்குற வெட்டு ஒரே நேரா வந்தாத்தான் இந்த முளை உள்ள போகும். ஒரு லீவர் கொஞ்சம் கூடப் போனாலும் திறக்காது.” அறுபது கண்ணும் எக்கிப் பார்த்தன. மூன்றாவது பெஞ்சுக்கு அப்பால் எதுவும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் ஜன்னலோரப் பையன் ஒருவன் எழுந்தான். “அக்கா, எங்க தாத்தா பட்டறையில லீவர் ராவுவாரு. நான் ஒருவாட்டி கழட்டிப் பாக்கட்டா?”

“இருப்பா, முடிச்சுக்கிறேன்” என்றேன்.

முடிக்கவில்லை, பெல் அடித்துவிட்டது. பையன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த பூட்டை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான். அந்த வகுப்பறையில் பூட்டுக்குள் கை வைத்துப் பழகியவன் அவன் ஒருவன்தான். எனக்கே அரம் பிடிக்கத் தெரியாது. எட்டு பூட்டையும் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். ஏழு இன்னும் பேப்பர் சுற்றியபடியே இருந்தன.

ஏன் இப்படிச் செய்கிறோம்? ‘அடிப்படை தெரியாமல் செய்முறை எப்படிப் புரியும்’ என்று நமக்கு நாமே ஒரு நியாயம் சொல்லிக்கொள்வோம். அது பொய். நாம் படித்ததைக் கொட்டவேண்டும், அவ்வளவுதான். மூன்று ராத்திரி யூடியூபில் பார்த்துச் சேர்த்தது வயிற்றில் கிடந்து குடைகிறது. பத்தொன்பது வயதில் முப்பது பேர் நம் வாயைப் பார்த்தால் வருகிற போதையும் சேர்ந்துகொள்கிறது. இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கும்வரை வகுப்பு நம் பிடியில் இருக்கும். பொருளைக் கையில் கொடுத்ததும் போய்விடும். அந்த பயம்தான் முன்னுரையை நீட்டுகிறது.

சரியாகச் செய்த ஒருத்தியைச் சொல்கிறேன். சங்கேத எழுத்து வகுப்பு. வந்தாள், வணக்கம்கூடச் சொல்லவில்லை. போர்டில் எழுதினாள்:

அம்மா → அய்யா

திரும்பிப் பேசாமல் நின்றாள். பின்னால் இருந்து “என்னக்கா இது?” என்றார்கள். பதிலில்லை. அடுத்த வரி:

பட்டம் → மண்ணய்

அதற்கும் கீழே: தம்பி → நய்மி. சிரிப்பு வெடித்தது. ஒரு நய்மி பக்கத்து நய்மியைக் குத்தினான். அரை நிமிடம் போனதும் ஒரு பெண், “அக்கா, ம-வுக்கு அடுத்து ய வருதுல்ல?” என்றாள். அப்புறம் க ங ச ஞ என்று ஆளாளுக்கு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். உயிர் அப்படியே இருக்கிறது, மெய் மட்டும் வரிசையில் ஒரு படி தள்ளிப் போகிறது என்பதை அவள் சொல்லவே இல்லை. கடைசி மெய் ன். அதற்கு அடுத்தது எது என்று சண்டை வந்தது. ‘திரும்ப க்-குக்கே போகணும்’ என்று தீர்ப்பும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். பதினைந்தாவது நிமிடம் வகுப்பு முழுக்கத் துண்டுச்சீட்டு பறந்தது. இருபதாவது நிமிடத்தில்தான், ஜூலியஸ் சீசர் மூன்று எழுத்து தள்ளி எழுதுவார் என்று ஒரே வரியில் சொன்னாள். “மூணு தள்ளுனா அம்மா என்னக்கா ஆவாங்க?” என்று உடனே ஒருவன் கேட்டான். வரலாறு அப்போதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஹாப்ஸ் கதையை நான் விட்டுவிடவில்லை. இப்போதும் சொல்கிறேன், ஆனால் நாற்பதாவது நிமிடத்தில். நான்கு பேருக்கு ஒரு பூட்டு என்று கொடுத்து, குண்டூசியால் லீவரைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஒன்று நின்றால் இன்னொன்று விழுந்து, விரல் வலித்து, “இதெல்லாம் நடக்காதுக்கா” என்று அவர்கள் அலுத்துப்போயிருக்கும் நேரம். அப்போது ‘ஒருத்தர் இருபத்தைந்து நிமிடத்தில் திறந்தார்’ என்று சொன்னால் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். என் முதல் வகுப்பில் ஒரு கொட்டாவிக்குப் பயன்பட்ட கதை இது.

புதிதாக வருபவர்களுக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: ஐந்தாவது நிமிடத்துக்குள் பிள்ளைகளின் கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். தலையை ஆட்டுவார்கள். பையில் ஆறு ஜோடி தாயக்கட்டையுடன் போய் பாரதத்தில் ஆரம்பிப்பார்கள்.

உங்கள் ஆங்கிலமும் அவர்கள் புத்தகமும்

‘பிராபபிலிட்டி’ என்று ஒருவர் பத்து நிமிடம் விளக்கினார். முன் பெஞ்சுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “நிகழ்தகவைத்தான் சொல்றாங்க” என்றாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தனிப் பாடமே இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த நமக்குத்தான் அந்தச் சொல் தெரியாது. நெம்புகோல், உராய்வு, அதிர்வெண், திருப்புத்திறன், மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, அதாவது எண்கள் எல்லாவற்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) எல்லாமே அவர்களுக்குப் பழக்கமானவை. வகுப்புக்கு முதல்நாள் அவர்களுடைய பாடநூலைப் புரட்டிவிட்டுப் போங்கள், பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது. இல்லையென்றால், தெரிந்த விஷயத்தைத் தெரியாத பெயரில் சொல்லிப் பிள்ளைகளை முட்டாளாக்கிவிட்டு வருவீர்கள்.

வீட்டில் ஒருமுறை செய்து பார்க்காதது

ஒருத்தி எடுத்த சிக்குக் கோல வகுப்பு. ‘கை எடுக்காமல் ஒரே கம்பியில் போடலாம்’ என்று அறிவித்தாகிவிட்டது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் வேலை செய்தவர்களும் கோலத்துக்குக் கணினி மொழியின் இலக்கணம் எழுதியதைப் பற்றி நான்கு ஸ்லைடு தயார். கோலத்தை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. சதுரம் அழகாக இருக்கும் என்று போர்டில் நாலுக்கு நாலு புள்ளி வைத்தாள். போட்டுக்கொண்டே போனால் கம்பி கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டது, பாதிப் புள்ளி வெளியே கிடக்கிறது. மறுபடி இன்னொரு கம்பி. ஆக மொத்தம் நான்கு. முகம் சிவந்து, டஸ்டரால் அழித்துவிட்டாள்.

அழித்ததைத்தான் நான் தப்பு என்பேன். நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் கம்பிகள் வெட்டிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் திரும்பும் கோலத்தில், எத்தனை கம்பி வரும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: இரண்டு எண்ணுக்கும் மீ.பொ.வ. எதுவோ அத்தனை. 4க்கு 4 நான்கு, 4க்கு 6 இரண்டு, 3க்கு 4 ஒன்று. கடைசி வரிசையில் ஒரு பெண் மெல்ல, “எங்கம்மா நாலுக்கு அஞ்சுதான்க்கா வைப்பாங்க” என்றாள். தங்கச் சுரங்கத்தின் வாசலில் நின்றோம், ஸ்லைடுக்குப் போய்விட்டோம். ‘கோலமெல்லாம் பொம்பளைங்க வேலை’ என்று முனகிய பையன்களும் அந்த நான்கு கம்பி வந்தபோதுதான் தலையை நிமிர்த்தியிருந்தார்கள்.

ஆறு பேருக்கு ஒரு கத்தரிக்கோல்

ஒருவன் வெட்டுவான், ஒருவன் பிடுங்குவான், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கும் நான்கில் மூன்று பெண் பிள்ளைகளாக இருக்கும். பொருள் குறைவு என்றால் எல்லோருக்கும் கிடைக்கும் பொருளுக்கு ஏற்ற தலைப்புக்கு மாறுங்கள். நோட்டுத் தாளும் பேனாவும் எல்லோரிடமும் இருக்கின்றன.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுக்கா.” வேறு பதில் வராது. கேட்காதீர்கள்.

பரிசு கொண்டுபோவது

வேண்டாம்.

வகுப்பாசிரியரை அனுப்பிவிடுவது

‘சார் இருந்தால் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்’ என்று சொல்லி அவரை வெளியே அனுப்புவது ஒரு வழக்கம். உட்காரச் சொல்லுங்கள், அவர் கையிலும் ஒரு பூட்டைக் கொடுங்கள். ஒரு சயின்ஸ் சார் இருபது நிமிடம் முயன்று முடியாமல், எட்டாவது படிக்கும் பெண்ணிடம் “நீ பாரும்மா” என்று நீட்டினார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கூச்சமே இல்லை.

பெல்லுக்குப் பிறகும் பேசுவது

நாலரை டவுன் பஸ்ஸை விட்டால் அந்த ஊருக்கு அடுத்தது ஆறே முக்காலுக்குத்தான்.