வலிப்பு நின்றதும் விலகிவிடாதீர்கள்

இரவு நன்றாகத்தான் படுத்தார், காலையில் எழவில்லை. அடிபடவில்லை, நீரில் மூழ்கவில்லை, பிரேதப் பரிசோதனையிலும் வேறு காரணம் கிடைக்கவில்லை. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு நேரும் இத்தகைய திடீர் மரணத்தை மருத்துவர்கள் ‘சுடெப்’ என்கிறார்கள். வலிப்புள்ள பெரியவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரில் ஒருவருக்கும், குழந்தைகளில் 4,500 பேரில் ஒருவருக்கும் இப்படி நேர்கிறது. அரிதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுக்கு அரிதல்ல.

“வருஷத்துக்கு மூணு நாலு தடவைதானே வருது” என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் முதல் தவறு. உடல் முழுவதும் விறைத்து, நினைவிழந்து, வெட்டியிழுக்கும் பெரிய வலிப்பு ஆண்டுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால், அது வராதவர்களைவிட ஆபத்து சுமார் 15 மடங்கு. தூக்கத்தில் வருவது இன்னும் கவலைக்குரியது. காலையில் நாக்கில் கடிபட்ட காயம், நனைந்த படுக்கை, காரணமில்லாத உடம்புவலி இருந்தால் இரவில் யாரும் பார்க்காமல் வலிப்பு வந்துபோயிருக்கலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அடுத்த தவறு பெரும்பாலான வீடுகளில் நடப்பது. வெட்டியிழுப்பு அடங்கியதும், “அசந்து தூங்கட்டும்” என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பில் பதிவான இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான மார்ட்டெமஸ் ஆய்வு காட்டியது வேறு: பெரிய வலிப்பு முடிந்து மூன்று நிமிடத்துக்குள் மூச்சும் இதயத்துடிப்பும் ஒருசேரத் தடுமாறின. முதலில் முழுவதுமாக நின்றது மூச்சு, பிறகுதான் இதயம். பெரும்பாலும் இரவு நேரம், குப்புறக் கிடந்த நிலை. ஆகவே இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், முகத்தருகே தலையணை இருந்தால் அகற்றுங்கள். தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நினைவு தெளியும்வரை நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலும், தெளிவதற்குள் அடுத்தது வந்தாலும் ஆம்புலன்ஸ்தான். வாயில் எதையும் திணிக்க வேண்டாம்.

வலிப்பை உணர்ந்து ஒலியெழுப்பும் கைக்கடிகாரங்கள் கிடைக்கின்றன. அவை உயிரைக் காப்பதாக இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. மணி அடித்தால் ஓடிவர ஆள் இருந்தால்தான் பயன். அதே அறையில் ஒருவர் படுப்பது எளிய வழி. ஆனால் வளர்ந்த பிள்ளைகள் அதை விரும்பமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். பேசி முடிவெடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள். “இப்பத்தான் வர்றதில்லையே” என்று தானாக நிறுத்துவது ஒன்று; திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். ஒரு வேளை தவறினால் என்ன செய்வதென்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பலன் தராத சிகிச்சையையே ஆண்டுக்கணக்கில் தொடர்வது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லையென்றால், வலிப்புக்கான சிறப்பு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அறுவை சிகிச்சை உதவுமா என்பதை அங்கேதான் சொல்வார்கள்.

பயந்துவிடுவார் என்று நோயாளியிடமே இதை மறைப்பதும் தவறு. ஏன் இரவு மாத்திரையைத் தவறவிடக்கூடாது, ஏன் கண்விழிப்பும் மதுவும் வேண்டாம் என்று காரணம் தெரிந்தால்தான் அவர் அவற்றைக் கடைப்பிடிப்பார். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: “எனக்கு சுடெப் ஆபத்து எவ்வளவு, அதைக் குறைக்க என்ன செய்யலாம்?”