பழைய லேத்து வாங்கப் போறீங்களா, பெயிண்ட்ட விடுங்க பெட்ட பாருங்க

மொதல்லயே சொல்லிர்றேன், நான் டர்னர் கிடையாது, வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டப் போட்டு புஷ்ஷு, பின்னு, மோட்டாருக்கு ஷாஃப்ட்டுனு லீவு நாள்ல கடைஞ்சுக்கிட்டு இருக்கற ஆளு. நாலரை அடி லேத்து (இரும்ப சுத்த விட்டு கடையுற மெஷினு) ஒன்ன பழசா வாங்கி ஒரு வருசம் அதோட மல்லுக்கட்டுனதுல தெரிஞ்சத எழுதுறேன்.

மதுரையில பழைய லேத்து தேடணும்னா கப்பலூர் சிட்கோ, கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டை ரெண்டு பக்கமும் ஒரு சுத்து நடந்தே போங்க. பட்டறைய மூடுறவங்க, கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷினுக்கு மாறுனவங்க யாராவது மூலையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருப்பாங்க. ஹெச்எம்டி கெடச்சா பாக்கியம், 1953ல பெங்களூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க ஹெச்22 மாடல் எல்லாம் இன்னைக்கும் பல பட்டறையில ஓடுது, ஆனா வீட்டு ஷெட்டுக்கு அது ஆனைய கட்டித் தீனி போடுற கதைதான். ஹரிஹர் கிர்லோஸ்கர் கெடச்சாலும் நல்லதுதான். நம்ம கைக்கு வர்றது பெரும்பாலும் ராஜ்கோட், பட்டாலா, கோயம்புத்தூர் பக்கம் வார்த்த சின்ன லேத்துங்கதான், அதுல தங்கமும் உண்டு தகரமும் உண்டு.

நான் ஏமாந்த கதை இதுதான். பச்சைப் பெயிண்ட்டு பளபளன்னு மின்னுச்சு, வித்தவரு "தம்பி, தொட்டுப் பாருங்க, புது மெஷினு மாதிரி"ன்னாரு, நானும் தொட்டுப் பாத்தேன், பெயிண்ட்ட மட்டும். வீட்டுக்கு கொண்டாந்து கிராஸ் ஸ்லைடு (டூல முன்னயும் பின்னயும் நகத்துற பாகம்) கைப்பிடிய திருப்பிச் சுத்துனா கால் சுத்து சும்மாவே சுத்துது, ஸ்லைடு அசையவே இல்ல. அது பரவால்ல, கன்மெட்டல் நட்டு தேஞ்சிருக்கு, புதூர்ல ஒரு பட்டறையில கொடுத்து புதுசா போட்டாச்சு. பெட்டு, அதாவது மத்த பாகமெல்லாம் உக்காந்திருக்கற நீளமான அடி வார்ப்பு, தேஞ்சிருந்தாதான் தலைவலி. பேரிங், நட்டு, கியரு, மோட்டாரு எதுவா இருந்தாலும் மதுரையிலயே ஆளு இருக்கு, பெட்ட கிரைண்டிங் போட்டு ஸ்கிராப்பிங் பண்ணி எடுக்கப் போனா லேத்து வாங்குன காசுக்கு மேல போயிரும்.

அதனால பெட்ட எப்படி பாக்கறதுனு கேட்டுக்கங்க. ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு போய் பெட்ட நல்லா தொடைங்க. எப்பவும் வேல நடக்கறது சக்குக்கு (கடையுற பொருள கடிச்சுச் சுத்துற பிடி) பக்கத்துலதான், அங்கதான் தேயும். பெட்டோட முன்பக்கத்து வி வடிவ தடத்து மேல நகத்த வச்சு குறுக்க இழுங்க, சாடில் (டூல தாங்கிக்கிட்டு பெட்டு மேல ஓடுற பாகம்) ஓடுற எடமும் ஓடாத எடமும் சேர்ற எடத்துல படி மாதிரி நகம் மாட்டுச்சுன்னா நல்லா ஒழச்ச மெஷினு. அப்புறம் சாடில சக்குகிட்ட நிறுத்தி ஆட்டம் இல்லாம ஜிப்ப (சாடில் ஆட்டத்த இறுக்குற பட்டை) டைட் பண்ணிட்டு, கையாலயே டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனையில இருக்கற முட்டு) பக்கம் ஓட்டிக்கிட்டே போங்க. போகப் போக இறுகி மாட்டிக்கிட்டா சக்குகிட்ட தேய்மானம் எவ்வளவுனு கைக்கே தெரிஞ்சிரும். லேசா இறுகுனா பேரம் பேசுங்க, நின்னே போச்சுன்னா ஒரு டீய குடிச்சிட்டு கெளம்பிருங்க.

ஸ்பிண்டில (சக்கு மாட்டியிருக்கற, சுத்துற தண்டு) பாக்கறதுக்கு சக்குல ரெண்டடி பைப்ப கடிச்சு, சக்கு மேல டயல் கேஜ வச்சு, பைப்ப கையால தூக்கிப் பாருங்க. முள்ளு ரெண்டு மூணு சென்ட்டு (ஒரு சென்ட்டு 0.01 எம்எம்) அசைஞ்சா சரி, பத்து சென்ட்டு ஆடுச்சுன்னா பேரிங்கோ புஷ்ஷோ செலவு இருக்கு. கியர் பல்ல ஒன்னொன்னா கைய வச்சு பாருங்க, கரண்ட்ட நிறுத்திட்டுதான். அப்புறம் சேஞ்ச் கியர் செட்டு (மரை அளவுக்கு ஏத்தபடி மாத்தி மாட்டுறது) முழுசா இருக்கானு எண்ணுங்க. லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது சாடில இழுக்கற நீள ஸ்க்ரூ) இஞ்ச்சு கணக்குல இருந்து நீங்க எம்எம் மரை வெட்டணும்னா 127 பல்லு கியர் வேணும், ஒரு இஞ்ச்சு 25.4 எம்எம், அத அஞ்சால பெருக்குனா வர்றதுதான் அந்த 127. அந்த ஒரு கியர்தான் எப்பவும் காணாம போயிருக்கும், ஏன்னு எனக்கு இன்னும் புரியல. நாலு ஜா சக்கு, ஸ்டெடி (நீள ராட நடுவுல தாங்கறது) எல்லாம் அங்கிட்டு எங்கயாச்சும் கெடக்கும், "அண்ணே, அதையும் சேத்துப் போடுங்க"ன்னு கேட்டு வாங்கிருங்க.

குட்டியானையில ஏத்தும்போது சாடில டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளி லாக் பண்ணிருங்க, ஹெட்டு, அதாவது சக்கும் கியரும் இருக்கற பக்கம்தான் கனம். லீட் ஸ்க்ரூவுல கயித்த போட்டு தூக்கவே கூடாது, வளைஞ்சா போச்சு.

துரு எடுக்கறதுக்கு டீசலும் ஸ்காட்ச் பிரைட்டும் போதும். எமரித்தாளு, கிரைண்டர் ரெண்டையும் பெட்டுகிட்ட கொண்டு வராதீங்க. கழட்டும்போது ஒவ்வொரு பார்ட்டையும் போன்ல போட்டோ எடுத்துருங்க, நான் எடுக்கல, ஏப்ரன்ல (சாடிலுக்கு முன்னாடி தொங்குற கியர் பெட்டி) ஒரு ஸ்பேசர் எங்க போட்டதுனு ரெண்டு வாரம் முழிச்சேன். ஹெட்டுல பழைய எண்ணெய வடிச்சு மண்ணெண்ணெயில கழுவிட்டு 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில ஊத்துங்க.

வீட்ல சிங்கிள் பேஸ்தான் இருக்குன்னா த்ரீ பேஸ் மோட்டார தூக்கிப் போட வேணாம், விஎஃப்டி (சிங்கிள் பேஸ த்ரீ பேஸா மாத்திக் கொடுக்கற டிரைவ்) ஒன்னு போடலாம். நம்ம ஊரு சின்ன மோட்டாரு பெரும்பாலும் 415 வோல்ட்டு ஸ்டார் கனெக்சன்ல இருக்கும், டெர்மினல் பாக்ஸ்ல ஆறு வயரும் வெளிய இருந்தா டெல்டாவா மாத்தி 230ல ஓட்டலாம், எலக்ட்ரீசியன வச்சு பண்ணுங்க. ஒன்னு, சக்கு மரையில மாட்டுற டைப்பா இருந்தா ரிவர்ஸ்ல ஓட்டி வெட்டாதீங்க, திடீர்னு பிரேக்கும் போடாதீங்க, சக்கு கழண்டு உருண்டு வரும்.

கடைசியா லெவல். 40 எம்எம் ராடு ஒன்ன சக்குல கடிச்சு 150 எம்எம் வெளிய விட்டு, டெயில்ஸ்டாக் முட்டுக் கொடுக்காம, ரெண்டு முனையிலயும் ஒரே செட்டிங்ல லேசா கடைஞ்சு மைக்ரோமீட்டர்ல பாருங்க. வெளி முனை பெருசா வந்தா டெயில்ஸ்டாக் பக்கத்து முன்கால தூக்கணும், சின்னதா வந்தா பின்கால. நான் ஷிம்முக்கு (காலுக்கு அடியில வைக்கற மெல்லிசு தகடு) கோக் டின்ன வெட்டித்தான் போட்டேன், ஒன்னு வச்சா பத்தல, ரெண்டு வச்சா ஜாஸ்தி, ராத்திரி பதினோரு மணிக்கு பாதி டின்ன தேச்சு வச்சு ரெண்டு முனையும் ஒரே அளவு காட்டுச்சு. இன்னும் அந்த டின்னு காலுக்கு அடியிலதான் இருக்கு.